கதிரொளி இல்லமும் பொருள் வரைதலும்

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியில் வைக்கப்பெற்றது பொருள் வரைதல். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை ஆகிய நான்கிலும் செய்யத்தகாதது இன்னது என்பது வெளிப்படை. ஐந்தாவதிலோ எல்லைக்கோட்டை வரைய வேண்டியவர் இல்லறத்தாரே. நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, தானியம் இவ்வளவு எனத் தாமே வரையறுத்துக்கொண்டு, அதற்கு மேல் விழையாதிருத்தல் அவர்தம் கடமை. அறநூல்கள் எழுந்த காலத்தில் மின்சாரம் இல்லை. ஆதலின் வரைய வேண்டிய பொருள்களின் வரிசையில் அது சேர்க்கப்படவில்லை. இன்றோ அஃதின்றி ஒரு பொழுதும் கழிவதில்லை. அதற்கும் ஓர் அளவு வரையலாமா? வரைவதாயின் எங்ஙனம்? இவ்வினாவைப் புதுவகை இல்லம் ஒன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையைச் சூழ்ந்த புறநகர்களில் மொட்டை மாடிதோறும் சோலார் தகடுகள் மின்னுவதை இன்று எவரும் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை மின்வாரியக் கம்பியோடு இணைக்கப்பெற்றவை. பகலில் மிகுவதைக் கம்பிக்கு ஈந்து, இரவில் வேண்டுவதைக் கம்பியிலிருந்து பெறுபவை. மிகச் சில இல்லங்களோ அக்கம்பியின் தொடர்பே இல்லாதவை. தம் கூரையில் விளைந்ததைத் தம் பேட்டரியில் தேக்கி, அதனைக் கொண்டே இரவையும் மழைநாளையும் கழிப்பவை. 'ஆஃப் கிரிட்' என்று தொழில் வல்லார் கூறும் இதனைத் தனித்தியங்கும் இல்லம் என்று இங்கே குறிப்போம். தாம்பரத்திற்கு அப்பால் உள்ள எங்கள் இல்லம் 2018ஆம் ஆண்டு முதல் இவ்வாறு இயங்கி வருகிறது. அதன் அன்றாடக் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதி வருபவள் என்னும் முறையில் சில விவரங்களை இடையிடையே தருகிறேன்.

இத்தகைய இல்லத்தைக் காண வருவோர் பலரும் ஒரே கருத்தைக் கூறக் கேட்டிருக்கிறேன். "கதிரவன் எல்லார்க்கும் பொதுவாகக் கொடுக்கிறான். கட்டணம் இல்லை, புகை இல்லை, எவ்வுயிர்க்கும் தீங்கில்லை. ஆகவே எவ்வளவு செலவிட்டாலும் குற்றமில்லை" என்பதே அது. கேட்பதற்கு இனியதாயினும் இக்கூற்று ஆராயத்தக்கது. வெயில் அளவற்றது என்பது மெய்யே. ஆனால் வெயிலை மின்சாரமாக்கும் கருவி அளவற்றது அன்று. அதனைத் தேக்கும் கலம் அளவற்றது அன்று. அவை பிறந்த வழி தீங்கற்றதும் அன்று.

எண்ணித் துணிதல்

தனித்தியங்கும் இல்லம் அமைப்போர் முதலில் செய்ய வேண்டுவது தகடு வாங்குதல் அன்று; தேவையைக் கணக்கிடுதலே. வாரியக் கம்பியுள்ள வீட்டில் இக்கணக்கு தேவைப்படுவதில்லை. பொத்தானை அழுத்தினால் வருகிறது. இரண்டு திங்களுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்துகிறோம். எந்நாளில் எதற்கு எவ்வளவு சென்றது என்பதை அறிவார் இலர். தனித்த இல்லத்திலோ ஒவ்வொரு விளக்கும் விசிறியும் ஏட்டில் ஏறிய பின்னரே சுவரில் ஏறும்.

எங்கள் கணக்கு இது. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் உண்ணும். இப்போது வரும் புதுவகை விசிறி 30 வாட் அளவில் சுழலும். மூன்று விசிறிகள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் பழையவற்றுக்கு இரண்டேகால் யூனிட் வேண்டும். புதியவற்றுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவே போதும். ஆறு எல்.இ.டி. விளக்குகள் நான்கு மணி நேரம் எரிய 0.2 யூனிட். சிறிய குளிர்பெட்டிக்கு 0.7. மிக்ஸிக்கும் கிரைண்டருக்குமாக 0.2. கிணற்று மோட்டாருக்கு 0.3. தொலைக்காட்சி, கைபேசி முதலியவற்றுக்கு 0.2. ஆக, நாளொன்றுக்கு இரண்டரை யூனிட். ஐவர் வாழும் வீட்டிற்கு இது போதுமா என்று வியப்போர் உளர். போதும் என்பதை இத்தனை ஆண்டுக் குறிப்பேடு காட்டுகிறது.

நம் பகுதியில் ஒரு கிலோவாட் தகடு தெளிந்த நாளில் ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். அங்ஙனமாயின் ஒரு கிலோவாட்டே போதுமே எனத் தோன்றும். ஆயின் பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் ஒரு பகுதி வீணாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மூடினால் விளைவு மூன்றில் ஒரு பங்காகவும் அதனினும் குறைவாகவும் தாழும். ஆகவே இரண்டு கிலோவாட் அமைத்தோம். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருத்தலின், தகடுகள் தெற்கு நோக்கி ஏறக்குறைய அதே அளவு சாய்ந்துள்ளன. புயற்காற்றில் பெயர்ந்து அயலார் மேல் விழாதபடி இரும்புச் சட்டங்கள் கூரையோடு பிணைக்கப்பெற்றுள்ளன. தேவையைக் குறைக்கும் பொருட்டு மாடித் தளத்திற்கு வெண்பூச்சு இட்டோம். எதிரெதிர்ச் சன்னல்கள் வைத்தோம். மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் அமைத்தோம். இவை மின்சாரக் கருவிகள் அல்ல. ஆயினும் மின்சாரத்தை மிகுதியும் மிச்சப்படுத்துவன இவையே.

பணத்தைச் சேமிக்கும் வழியாக இதனைக் கருதுவோர் ஏமாற்றமே அடைவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாளொன்றுக்கு இரண்டரை யூனிட் செலவிடும் வீடு இரண்டு திங்களில் 150 யூனிட் செலவிடுகிறது. தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட்டை இலவசமாக வழங்கும் திட்டம் 2016இல் தொடங்கியது. எஞ்சிய 50 யூனிட்டின் கட்டணம் சிறிதே. பேட்டரியை மாற்றும் செலவோ பெரிது. எனவே தனித்தியங்கும் இல்லத்தின் பயனைக் காசில் தேடுதல் பயனற்றது. அதன் பயன் வேறிடத்தில் உள்ளது.

கண்ணுக்குத் தெரியும் வரம்பு

எங்கள் வீட்டில் முதலில் வைத்தவை நான்கு ஈயப் பேட்டரிகள். ஒவ்வொன்றும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. நான்கிலுமாக ஏழு யூனிட் கொள்ளும். ஆனால் ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே எடுத்தாளத் தக்கது மூன்றரை யூனிட்டே. சுவரில் உள்ள சிறு திரை எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை எந்நேரமும் காட்டிக்கொண்டிருக்கும். மாலையில் அதனைப் பார்க்கும் பழக்கம் வீட்டிலுள்ள சிறுவர்க்கும் வந்துவிட்டது.

ஜைன அறநூல்கள் இல்லறத்தார்க்குக் கூறும் குணவிரதங்களுள் ஒன்று போகோபபோக பரிமாணம். ஒருமுறை துய்த்து முடிவது போகம். உணவும் மாலையும் போல்வன. மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். ஆடையும் அணியும் போல்வன. இரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்ளல் வேண்டும் என்பர். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்வளவு வகுத்தலை இருவகையாகப் பிரிக்கிறார்: காலவரையறையோடு கூடியது நியமம், வாழ்நாள் முழுமைக்கும் உரியது யமம். தனித்தியங்கும் இல்லத்தில் இப்பாகுபாடு ஏட்டளவில் நில்லாது நடைமுறையாகிறது. 'இவ்வீட்டில் இரண்டு கிலோவாட்டுக்கு மேல் வேண்டாம்' என்பது நெடுங்காலத்திற்குரியது. 'வானம் மூடியிருக்கும் மூன்று நாளும் தொலைக்காட்சி வேண்டாம்' என்பது அந்நாளுக்குரியது.

அநர்த்த தண்டம் என்னும் மற்றொரு குணவிரதமும் இங்கே நினைவுகூரத் தக்கது. பயனின்றிச் செய்யும் தீங்கினின்று விலகுதல் என்பது அதன் பொருள். பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், காற்றை எழுப்புதல் ஆகியவற்றை அந்நூல் கவனமின்மையால் நேரும் குற்றங்களுள் அடக்குகிறது. ஆளில்லா அறையில் சுழலும் விசிறியும், பகலில் எரியும் விளக்கும், நிறைந்த பின்னும் வழியும் மேல்நிலைத் தொட்டியும் இக்குற்றங்களின் இக்கால வடிவங்கள் அல்லவோ? கம்பியுள்ள வீட்டில் இவை குற்றமாகத் தோன்றுவதில்லை. கட்டணம் செலுத்துகிறோம் என்னும் எண்ணம் அவற்றை மறைத்துவிடுகிறது. தனித்த இல்லத்தில் பகலிற் சுழன்ற வீண் விசிறி இரவில் அணையும் விளக்காகக் கண்முன் வந்து நிற்கிறது. செயலும் விளைவும் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ்ச் சந்திக்கின்றன.

நாளின் ஒழுங்கும் தானே அமைகிறது. நீர் இறைத்தல், மாவு அரைத்தல், துணி வெளுத்தல் யாவும் வெயில் உள்ளபோதே முடிகின்றன. இரவுண்ணாமையைக் கைக்கொள்வார்க்கு இஃது இயல்பாகவே பொருந்தும். கதிரவன் மறையுமுன் அடுக்களை ஓய்ந்துவிடுகிறது. மழைக்காலத்து மாலையில் ஈசல்கள் விளக்கை நாடி வந்து மடிவதை அனைவரும் கண்டிருப்போம். எரியும் விளக்கு குறைந்தால் மடியும் ஈசலும் குறையும். நீலங்கலந்த வெண்ணிற ஒளியைவிட மஞ்சள் நிற ஒளி பூச்சிகளைக் குறைவாகவே ஈர்க்கும் என்பதால் தாழ்வாரத்தில் மஞ்சள் விளக்கே வைத்துள்ளோம்.

தீங்கற்ற மின்சாரம் உண்டோ?

மின்சாரம் தீயுயிர் உடையதா, உயிரற்றதா என்பது பற்றிச் சுவேதாம்பரத் துறவியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்த்துரைத்தல் இல்லறத்தார்க்கு இயலாது. ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் இயலும்.

சென்னையின் வடபால் எண்ணூர்ப் பகுதியில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அதன் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, அங்கு மீன்களும் பிற நீர்வாழ் உயிர்களும் அழியக் காரணமாயிற்று. அக்கரையில் வாழ்வோர் மூச்சுக்கும் தொழிலுக்கும் இடரும் வந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க ஊர்களே இடம்பெயர்ந்தன. நாம் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். எறும்பு மிதிபடாமல் நடக்கிறோம். நம் அறையைக் குளிர்விக்கும் கருவியின் மறுமுனையில் நிகழ்வதை மட்டும் காணாதிருத்தல் தகுமா?

எனினும், 'நிலக்கரி தீது. ஆகவே சோலார் தூயது' என்று முடிவுகட்டலும் ஆகாது. தகட்டின் சிலிக்கன், படிகக் கல்லைப் பெருந்தீயில் உருக்கிப் பெறப்படுவது. அவ்வுலைகளும் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரத்தாலேயே எரிகின்றன. தகட்டில் வெள்ளியும் கண்ணாடியும் அலுமினியமும் உள்ளன. இவை யாவும் நிலத்தை அகழ்ந்து பெறுவனவே. நம்மைப் போன்ற வெயில் மிகுந்த நாட்டில் ஒரு தகடு தன்னை ஆக்கச் செலவான ஆற்றலைச் சில ஆண்டுகளுக்குள் திருப்பித் தந்துவிடும். அதன்பின் இருபதாண்டுக்கு மேலும் உழைக்கும். ஆகவே தீங்கு குறைவு என்பதில் ஐயமில்லை. குறைவு என்பது இன்மை ஆகாது.

பேட்டரியின் கதை இன்னும் கடுமையானது. ஈயம் நஞ்சு. பழைய பேட்டரியை முறையறியாது உடைத்து உருக்கும் இடங்களில் அந்நஞ்சு மண்ணிலும் குழந்தைகளின் குருதியிலும் கலக்கிறது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கு 2001ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு விதிகள் வகுத்தது. 2022இல் அவை புதுப்பிக்கப்பெற்றன. அதே 2022இல் வெளியான மின்னணுக் கழிவு விதிகள் சோலார் தகடுகளையும் உள்ளடக்கின. விதிகள் இருப்பினும், வாயிலில் வந்து கூடுதல் விலை கூறும் பழைய இரும்பு வணிகரிடம் பேட்டரியைக் கொடுப்பதா, உரிமம் பெற்றவரைத் தேடிச் சென்று குறைந்த விலைக்கு ஒப்படைப்பதா என்பதை முடிவு செய்பவர் இல்லத்தாரே. அந்தச் சில நூறு ரூபாய் வேறுபாட்டில் யாரோ ஒரு குழந்தையின் நலம் அடங்கியிருக்கிறது.

ஆகத் தீங்கற்ற மின்சாரம் என்று ஒன்றில்லை. தீங்கு குறைந்த மின்சாரமே உண்டு. தீங்கு குறைந்தது என்பதனாலேயே மிகுதியாகச் செலவிட்டால் குறைந்த தீங்கும் பெருகிப் பழைய அளவை எட்டிவிடும். 'வெயில் இலவசம்தானே' என்று இரண்டு கிலோவாட் ஐந்தாகி, ஐந்து பத்தாகி, அறைதோறும் குளிர்சாதனம் அமைந்துவிட்ட வீடுகளை நாம் அறிவோம். தகடு மாறியது, விழைவு மாறவில்லை.

மரமும் தகடும்

ஒரு தகட்டின் ஓரத்தில் சிறு நிழல் விழுந்தாலும், அதனோடு தொடராக இணைந்த தகடுகளின் விளைவும் குன்றிவிடும். புறநகர் மனைகள் நெருக்கமானவை. எங்கள் தென்கிழக்கில், அடுத்த மனையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அமைக்க வந்த தொழிலாளர் அதன் கிளைகளைச் சுட்டிக்காட்டி, மரத்தை வெட்டச் சொன்னால் காலை விளைவு மிகும் என்றார். மரத்திற்கு உரியவரும் கேட்டால் மறுக்கக்கூடியவர் அல்லர்.

இங்கே அறவினா எளிதன்று. மரத்தை வெட்டிப் பெறும் மின்சாரம் நிலக்கரியைக் குறைக்கும் என வாதிடலாம். ஆனால் அம்மரம் தருவதும் ஒன்றுண்டு: அதன் நிழல் இரு வீட்டுச் சுவர்களையும் குளிர்விக்கிறது, அதில் அணிலும் பறவையும் வாழ்கின்றன. உயிர்க்கு ஊறு செய்யாமையை நோக்கமாகக் கொண்டு அமைக்கும் கருவிக்காக உயிர் நிறைந்த மரம் ஒன்றை வீழ்த்துதல், நோக்கத்தையே வீழ்த்துவதாகும். தகடுகளை மேற்கே நகர்த்தி வைத்தோம். காலையில் ஒரு மணி நேர விளைவு குறைகிறது. அக்குறைவையும் கணக்கில் சேர்த்தே எங்கள் அளவை வகுத்தோம்.

தகடுகளின் கீழே புறாக்கள் கூடுகட்டுவதும் புறநகரில் எங்கும் காணும் செய்தி. எச்சத்தால் ஒளி மறைகிறது; கம்பிகளும் கெடுகின்றன. முட்டையிட்ட பின் கூட்டைக் கலைப்பது கொடுமை. கூடு கட்டுமுன்னரே வலையிட்டு இடைவெளியை அடைத்துவிடல் வேண்டும். தகடு துடைக்கும் நீரைக் கீழே செடிகளுக்கு விடலாம். இவை சிறு செய்திகளே. ஆயினும் அகிம்சை என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு செய்திகளில் முன்னரே எண்ணிப் பார்ப்பதுதான்.

தனித்திருத்தலா, பகிர்தலா?

இனி இக்கட்டுரையின் கடினமான பகுதிக்கு வருவோம். வாயிலில் கம்பி செல்கையில் அதனை வேண்டாம் எனத் தனித்திருத்தல் அறமா? அதனைத் துறவின் நிழல் எனப் போற்றுவோர் உளர். 'பிறரை நாடாது தம் கூரையிலேயே தம் தேவையை முடித்துக்கொள்பவர்' என்பர். மறுபக்கம் மூன்று தடைகள் எழுகின்றன. மூன்றும் வலியுடையவை.

முதலாவது, தனித்த இல்லத்தில் தெளிந்த நாளின் நண்பகலுக்குள் பேட்டரி நிறைந்துவிடும். அதன்பின் தகட்டில் விழும் வெயில் பயனின்றிப் போகிறது. கம்பியோடு இணைந்திருந்தால் அம்மிகுதி அடுத்த தெருவின் விசிறியைச் சுழற்றும். அவ்வளவு நிலக்கரி எரியாது நிற்கும். தனக்குப் பயன்படாததைப் பிறர்க்கும் பயன்படாமற் செய்வது பற்றின்மை ஆகுமா? 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியம் கம்பியோடு இணைந்த வீடுகளுக்கே வழங்கப்படுவதும் இக்கருத்தை ஒட்டியதே.

இரண்டாவது, பேட்டரி என்பது சேமிப்பு. சேமிப்பு குவிப்பாக மாறும் எல்லை மிக மெல்லியது. ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனத்தார் 1992இல் கம்பித் தொடர்பற்ற சூரிய இல்லம் ஒன்றை அமைத்தனர். அந்நாட்டுக் குளிர்காலத்தில் வெயில் மிகக் குறைவு. ஆகவே கோடையில் மிகுந்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவாக்கித் தேக்கி, அதனைக் குளிர்காலத்திற் பயன்படுத்தினர். இயலும் என்பதை மெய்ப்பித்த அவ்வில்லமே, தனித்து நிற்பதற்கு எவ்வளவு கருவிகள் வேண்டும் என்பதையும் காட்டிற்று. நம் நாட்டில் கடக்க வேண்டியவை சில மழைநாள்களே. இருப்பினும் ஈயமும் லித்தியமும் அதற்கென நிலத்தினின்று எடுக்கப்படுகின்றன.

மூன்றாவது, வசதியுடையோர் யாவரும் கம்பியை விட்டு விலகினால் கம்பியையும் மின்மாற்றியையும் காக்கும் செலவு யார் தலையில் விழும்? தகடு வாங்க இயலாதவர் தலையிலேயே. மிகுதியாகச் செலவிடுவோர் மிகுதியான கட்டணம் செலுத்துவதாலேயே எளியோர்க்குக் குறைந்த கட்டணம் இயலுகிறது. அவ்வாறிருக்க, தம்மளவில் தூயராய் விலகி நிற்றல் பிறர்மேல் சுமையேற்றுதல் ஆகும்.

இத்தடைகளுக்கு முழுமையான விடை இல்லை என்றே கருதுகிறேன். வாயிலில் கம்பியுள்ள புறநகரில் இனி வீடு கட்டுவோர்க்கு, கம்பியோடு இணைந்து மிகுதியை ஈதலே சிறந்தது என்பேன். நாங்கள் குடியேறியபோது எங்கள் தெருவிற்குக் கம்பி வரவில்லை, பின்னர் வந்தது. எங்ஙனமாயினும் கம்பியை அறுத்தலில் தனியொரு புண்ணியம் இல்லை. இணைந்த வீட்டிலும் தனித்த வீட்டிலும் ஒருசேர வேண்டுவது முன்கூட்டியே வகுத்த அளவு. தனித்த இல்லம் அதனைக் கற்றுத்தரும் பள்ளி, அவ்வளவே. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு உணர்த்தப்பெற்ற கருத்து ஒன்றுண்டு: கருவி பாடத்தை விளக்கும், கற்க வேண்டியவர் மாணவரே. பேட்டரி வரம்பைக் காட்டும். விரதம் கொள்ள வேண்டியவர் நாமே.

வரம்பும் விரதமும்

உணவு கிடையாமையால் பட்டினி கிடப்பது உண்ணாநோன்பு ஆகாது. அவ்வாறே பேட்டரி தீர்ந்தமையால் விளக்கை அணைப்பது பொருள் வரைதல் ஆகாது. மேலும் வாங்க இயன்றும் வாங்காதபோதே அது விரதமாகும். எங்களுக்கு அச்சோதனை 2022இல் வந்தது. ஈயப் பேட்டரிகளின் ஆயுள் முடிந்தது. லித்தியப் பேட்டரியின் விலை முன்னினும் இறங்கியிருந்தது. நீண்ட நாள் உழைப்பது. பெரும்பகுதியை வற்றவிட்டாலும் கெடாதது. இருமடங்கு கொள்ளளவில் வாங்கி, படுக்கையறையில் குளிர்சாதனம் வைக்கலாமா என்னும் பேச்சு எழுந்தது. ஓர் இரவு முழுதும் குளிர்சாதனம் இயங்க நான்கு முதல் ஆறு யூனிட் வேண்டும். எங்கள் இல்லம் முழுமைக்கும் ஒரு நாளுக்கு ஆவதோ இரண்டரை.

விரதம் ஏற்பவர் ஒருவர்; வீடோ பலருடையது. எழுபதைக் கடந்த நான் ஏற்கும் வரம்பை மருமகள் மேலும் தேர்வுக்குப் படிக்கும் பேரன் மேலும் சுமத்துதல் எனக்கு உரிமையன்று. பிறர் ஏற்காத விரதத்தை அவர்மேல் ஏற்றுதலும் ஒருவகை இம்சையே. ஆகவே அனைவரும் அமர்ந்து குறிப்பேட்டைப் பார்த்தோம். சித்திரை, வைகாசி மாத இரவுகளில் வெப்பம் தாங்கற்கரியது என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. ஐந்து யூனிட் கொள்ளும் ஒரே பேட்டரி. வெயிற்காலத்தில் மாடியறையை விடுத்துக் கீழறையில் அனைவரும் உறங்குதல். எவரேனும் நோயுற்று மருத்துவர் கூறினால் வரம்பைத் தளர்த்துதல். இவையே எட்டிய முடிவுகள். உடலை ஒறுப்பதற்காக வரம்பு வகுக்கப்பெறவில்லை. தீங்கையும் விழைவையும் குறைப்பதற்காக வகுத்த வரம்பு, நோயுற்றவர் முன் நெகிழ்தல் அதற்கு இழுக்கன்று.

அடுத்த வீடு இருளில் இருக்கையில்

இறுதியாக ஒரு வினா: நம் பேட்டரியில் உள்ளது யாருடையது?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னைப் புறநகர்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. நீரில் மின்கசிவு நேரக்கூடும் என்பதால் எங்கள் பகுதியிலும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. கம்பியோடு இணைந்த, பேட்டரியில்லாச் சோலார் வீடுகளும் இருண்டன. இது பலர்க்கும் வியப்பளித்தது. கம்பியில் வேலை செய்யும் ஊழியர்க்கு உயிரிடர் நேராதபடி, வாரிய மின்சாரம் நின்றவுடன் அவ்வகை இன்வெர்ட்டர்கள் தாமே நின்றுவிடும்படி அமைக்கப்பெற்றவை. அதுவும் உயிர் காக்கும் ஏற்பாடே.

எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. ஆனால் வானம் முற்றும் மூடியிருந்தமையின் அன்று பகல் முழுதும் விளைந்தது ஒரு யூனிட்டைக்கூட எட்டவில்லை. பிறர்க்கு மிகுதியும் வேண்டிய நாள் எதுவோ அதுவே நம்மிடம் மிகக் குறைவாக உள்ள நாளும் ஆகும் என்பதை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். இல்லாதபோது ஈதலே சோதனை. மூன்று விசிறிகளும் நிறுத்தப்பட்டன. குளிர்பெட்டியை நிறுத்தவில்லை, இரு வீட்டாரின் இன்சுலின் மருந்து அதனுள் இருந்தது. கைபேசிகள் வரிசையில் வைக்கப்பட்டன. மருத்துவமனையில் உறவினரை வைத்திருந்தோர்க்கு முதலிடம். மாலையில் கூடத்தில் எரிந்த ஒற்றை விளக்கின் கீழ்த் தெருப் பிள்ளைகள் அமர்ந்து படித்தனர்.

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்று தானம் நான்கு வகைப்படும். அந்த ஒன்றரை யூனிட்டில் நான்கும் இடம்பெற்றன என்று பெருமையாகக் கூறுதற்கில்லை. வரம்புக்கு உட்பட்டு வாழப் பழகிய வீட்டார்க்கு விசிறியின்றி மூன்று இரவு கழித்தல் பெரும் துன்பமாகத் தோன்றவில்லை என்பதே நான் கண்டது. இருபது யூனிட் உடையவராய் இருந்து, இருபதும் தமக்கே வேண்டும் என்று பழகியிருந்தால் அன்று ஒன்றும் கொடுத்திருக்க இயலாது. ஈதலுக்கு வேண்டுவது மிகுந்த பொருள் என்று எண்ணுகிறோம். குறைந்த தேவையே அதற்கு முதல் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

பொருள் வரைதலின் பயன் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. அளவு வகுத்தவர்க்கே மிகுதி என்பது உண்டு. அளவு வகுக்காதவர்க்கு எவ்வளவு வந்தாலும் அது தேவையாகவே மாறிவிடும். மிகுதி என ஒருநாளும் ஆகாது. மிகுதி இல்லாதவரிடம் பிறர்க்கென ஒன்றும் இராது.

ஆகவே வாசக அன்பர்கள் தகடு அமைப்பினும் அமைக்காவிடினும், இணைந்த இல்லத்தில் வாழினும் தனித்த இல்லத்தில் வாழினும், ஒன்று செய்யலாம். ஒரு வார காலம் ஒவ்வொரு மாலையும் மின்மானியைப் பார்த்து அன்றைய யூனிட்டைக் குறித்து வருக. வார முடிவில் வீட்டார் அனைவரும் கூடி, இதில் எவ்வளவு நமக்குப் போதும் என்று ஒரு தொகையை எழுதுக. அத்தொகை சிறிதோ பெரிதோ, அதனை வகுத்தவர் நீவிரே என்பதே சிறப்பு. முதலில் ஒரு திங்களுக்கு நியமமாகக் கொள்க. இயலுமெனக் கண்டபின் நீட்டிக்கொள்க. அடுத்த வீடு இருளில் இருக்கும் நாளில் அக்குறிப்பேட்டின் பயன் விளங்கும்.